வாறன் என்ற படகுக்காரன்

நிஸ்மியாவுக்கு அந்த மொழிபெயர்ப்பு வேலை ஓர் அலுமாரியால் கிடைத்தது.

கற்பிட்டிக்குப் பக்கத்தில், கண்டக்குழியில் கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன லொட்ஜ் ஒன்றில் அவள் வரவேற்பு மேசைக்குப் பொறுப்பு. பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கும் கைட் விளையாட்டுக்கென்று வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு அறை கொடுக்க வேண்டும். இன்றைக்குக் காற்று எப்போது எழும்பும் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி எழும்பாவிட்டால் காற்றுக்காக மன்னிப்பும் கேட்க வேண்டும். அப்படி ஒரு பகலில், அறை கூட்டிக்கொண்டிருந்த ஷானிகாவைப் பார்த்து அவள் படியில் நின்று சத்தம் போட்டாள்.

"ஷானிகா, அலுமாரிய தொறந்து போடு! ஜன்னல சாத்து! மேசைக்குக் கீழ மண்ணு நிக்கிது, பாரு!"

வெளியே ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த ருய் திரும்பிப் பார்த்தான். போர்த்துக்கலில் இருந்து ஒவ்வொரு வருடமும் காற்றுக்காலத்துக்கு வருகிறவன். அலுமாரி, ஜன்னல், மேசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு தான் இருந்த இருக்கையைத் தட்டி, இது என்ன என்று கேட்டான்.

"கதிரை," என்றாள் நிஸ்மியா.

தட்டில் இருந்த ரொட்டித் துண்டைக் காட்டினான்.

"பாண்."

ஐந்தும் அவனுடைய போர்த்துக்கல் மொழியிலிருந்து வந்த சொற்கள். அவன் சிரித்த சிரிப்பில் பாண் புரையேறிவிட்டது. எங்கள் வீட்டுச் சாமானையெல்லாம் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறோம் போல என்றான் ஆங்கிலத்தில். நிஸ்மியா விடவில்லை. கற்பிட்டியில் கோட்டை கட்டினது ஒல்லாந்தன், நீங்கள் தந்தது கதிரை மட்டுந்தான் என்றாள்.

அந்தப் பேச்சு பிளேன்டீயோடு நீண்டதில்தான் ருய் தன் தொழிலைச் சொன்னான். அவனும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டுச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் 'உப்புக்காற்று'. நிறையத் தீவுகள், நடுவில் பெரிய கடல். விளையாடுகிறவர் ஒரு சின்னப் படகில் உப்பு ஏற்றித் தீவு தீவாகத் திரிய வேண்டும். எங்கே முதலில் போவது, யாரோடு கூட்டுச் சேர்வது, எப்படிப்பட்ட ஆளாக ஆவது எல்லாம் அவரவர் விருப்பம். பல மொழிகளில் வரப்போகிறது. உன் மொழியிலும் வந்தால் என்ன என்று ருய் கேட்டான்.

வந்தால் என்ன என்றுதான் நிஸ்மியாவும் நினைத்தாள்.

அவள் பிறந்தது ஆலங்குடாவில், ஓலைக் கொட்டில்கள் வரிசையாக நின்ற காலத்தில். வாப்பா ஜபாரும் உம்மாவும், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்து இறங்கியவர்கள். வாப்பா கருவாடு வாங்கி விற்றுத்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். உயர்தரப் படிப்பு முடித்ததும் நிஸ்மியா லொட்ஜுக்கு வேலைக்குப் போனாள். ஆங்கிலத்தை அவள் புத்தகத்தில் படித்ததை விட முறைப்பாடுகளில் படித்தது அதிகம். கோபத்தில் மனிதர்கள் சொற்களைத் தெளிவாக உச்சரிப்பார்கள், சொன்னதையே திரும்பத் திரும்பவும் சொல்வார்கள். மொழி பழக அதை விட நல்ல வகுப்பு கிடையாது.

முறைப்பாடு கேட்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் முழுவதும் கேட்பாள், நடுவில் வாய் திறக்க மாட்டாள். பிறகு அதைப் பிரிப்பாள். கட்டில் ஆடுகிறது என்றால் அது லொட்ஜின் பிழை, உடனே ஒப்புக்கொள்வாள். காற்று இல்லை என்றால் அது ஆண்டவனின் காரியம், அனுதாபம் மட்டும் காட்டுவாள். களப்பில் ஆழமில்லை என்று சொல்லியும் தலைகீழாகக் குதித்துவிட்டு வந்து கத்தினால், அது கத்துகிறவரின் பிழை. அதையும் முகத்துக்கு நேரே, ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

ஆள் வராத மாதங்களில், வரவேற்பு மேசைக் கணினியிலேயே 'உப்புக்காற்று' தமிழுக்கு வந்தது. விளையாடிப் பார்த்துப் பார்த்து மொழிபெயர்த்தாள். தீவுகளின் காற்றுகளுக்கு இங்கேயிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தாள்: வாடை, கொண்டல், கச்சான், சோளகம். உப்புக்கடைக்காரிக்குக் கற்பிட்டிச் சந்தையின் வாயைக் கொடுத்தாள். சுங்க அதிகாரிகளுக்கு மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழ். அவர்கள் எந்த ஊரிலும் அப்படித்தான் பேசுவார்கள் என்பது அவள் எண்ணம்.

உம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"கேம் விளையாடுற பொம்புளப் புள்ளைக்கு எவன் மாப்புள தருவான்?"

"கேம் விளையாடுற மாப்புளயப் பாருங்க உம்மா. ரெண்டு பேரும் ஒரு மூலையில கிடப்பம். உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

வாப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரிப்பார்.

விளையாட்டின் முதல் தீவில், முதல் காலையில், மோரா என்ற படகுக்காரன் வருவான். துடுப்புப் பிடிக்கப் பழக்குவான், பழைய படகு ஒன்றைக் காட்டி இது உனக்கு என்பான். பிறகு தன் படகில் ஏறிப் பாய் விரித்துக்கொண்டு போய்விடுவான். போகும்போது அவன் சொல்வது ஆங்கிலத்தில் இரண்டே சொல், விடைபெறும் சொல். அந்த மனிதர்களை ஸலாம் சொல்லவைக்க முடியாது, அந்தத் தீவுகளில் எந்த மார்க்கமும் இல்லை. நிஸ்மியா ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் எழுதினாள்: "அப்ப வாறன்."

அந்த ஒரு சொல்தான் கழுத்தில் வந்து விழுந்தது.

*

விளையாட்டு வெளியான முதல் கிழமை, ஏழு நாளும், நன்றாகத்தான் போனது. தமிழில் இப்படி ஒன்று வந்ததே என்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கடல் கடந்த ஊர்களிலும் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு வத்தளையில் இருக்கும் ரொட்னி ஒரு வீடியோ போட்டான்.

ரொட்னி 'விளையாட்டுக் கொட்டில்' என்று ஒரு சனல் நடத்துகிறவன். தமிழில் கேம் பற்றிப் பேசுகிறவர்களில் அவனுக்குத்தான் கூட்டம் அதிகம். வீடியோவில் அவன் தன் ஆளை இறங்குதுறையில் நிறுத்தி வைத்துவிட்டு, மோரா வருவான் என்று காத்திருந்தான். காத்திருந்தபடியே கொத்து ரொட்டி சாப்பிட்டான். ஷேவ் எடுத்தான். ஒரு தூக்கம் போட்டு எழும்பினான். மோரா வரவில்லை.

"வாறன்னு சொன்னானா இல்லையா? சொன்னான்! நீங்களே பாத்தீங்க! எங்க மனுசன்?" என்று கமெராவைப் பார்த்துக் கையை விரித்தான். "இது கேம் இல்ல மக்களே, இது பஸ் ஹோல்ட்!"

அதோடு முறைப்பாட்டு மழை பிடித்துக்கொண்டது. விளையாட்டின் தமிழ்ப் பக்கத்தில் வந்து விழுந்ததையெல்லாம் நிஸ்மியா வரவேற்பு மேசையில் இருந்து வாசித்தாள்.

'உலகத்திலேயே பெரிய பொய்க்காரன் மோரா.'

'கடல் மட்டும்தான் இருக்கு. வேற ஒண்டும் இல்ல.'

'எங்க போற எண்டு மெப்பில ஒரு அம்புக்குறியாவது போட்டா என்ன?'

'கச்சான் அடிக்குதாம். வறுத்ததா, அவிச்சதா?'

கடைசியை வாசித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் பஸ்ஸுக்குள் சுருளில் விற்கும் கச்சான் கடலையைத் தெரியாத ஆள் இல்லை. அதே பெயரில் மேற்கிலிருந்து ஒரு காற்றும் வருகிறது என்பது கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

ருய் போனில் கூப்பிட்டபோது அவன் குரலில் சிரிப்பு இல்லை. மற்ற மொழிகளில் நல்ல பெயர், தமிழில் மட்டும் அடி என்றான். கூட்டாளிகள் அடுத்த மாற்றத்தோடு தமிழையே எடுத்துவிடலாம் என்று சொல்கிறார்களாம். அல்லது சென்னையில் ஒரு கம்பனி இருக்கிறது, அவர்களிடம் கொடுத்து எல்லாவற்றையும் பொதுவான தமிழில் திரும்ப எழுதலாம் என்கிறார்களாம். "அந்த ஒரு சொல்லையாவது மாற்றிவிடேன். வேறு பாதுகாப்பான சொல் இல்லையா?"

நிஸ்மியா தேடிப் பார்த்தாள். 'விடைபெறுகிறேன்' என்று போட்டால் மோரா கல்யாண வீட்டில் நன்றியுரை சொல்கிறவனைப் போல இருந்தான். 'போறன்' என்று போட்டுப் பார்த்தாள். அதைத் திரையில் கண்டதும் அவளுக்கே மயிர் கூச்செறிந்தது. கடலுக்கு இறங்குகிறவன் வாயில் அந்தச் சொல்லை இந்தக் கரையில் யார் வைப்பார்கள்? கடைக்குப் போய் வருவதற்கே, சின்ன வயதில் வாசலில் நின்று "உம்மா, போறன்" என்று அவள் சொன்னால், உம்மா உள்ளே இருந்து அகப்பையோடு வருவா. "வாய அலம்பு! வாறன் எண்டு சொல்லிட்டுப் போ!"

அன்று பின்னேரம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"வாப்பா, ஒராள் வாறன் எண்டு சொல்லிட்டுப் போனா, அந்தாள் திரும்பி வரணுமா?"

"எங்க போறாரு?"

"கடலுக்கு."

"மீன் பட்டா வருவாரு. படாட்டி வேற பக்கம் போவாரு." வாப்பா சோற்றைப் பிசைந்தார். "நான் எருக்கலம்பிட்டியில இருந்து வெளிக்கிடக்குள்ள பக்கத்து வீட்டு அன்ரனிப்பிள்ளைக்கிட்ட என்ன சொன்னன்? வாறன் எண்டுதான் சொன்னன். ஆட்டையும் அவர்ட பட்டியிலதான் கட்டிட்டு வந்தன். மறுகா சண்ட ஓஞ்சு றோட்டுத் தொறந்து நான் போய்ப் பாக்கக்குள்ள என்ட தலை நரைச்சிட்டு."

"அவர் என்ன சொன்னாரு? வாறன் எண்டிட்டு வரல்லயே எண்டு ஏசினாரா?"

"ஏசுறதா? 'ஜபார், ஆடு செத்திட்டு மச்சான்' எண்டாரு. மறுகா தேத்தண்ணி ஊத்தினாரு."

உம்மா முறைத்தா. "அது நான் வளத்த ஆடு."

நிஸ்மியா சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். குழாயடியில் நிற்கும்போதே முடிவு எடுத்துவிட்டாள். ரொட்னிக்குச் செய்தி அனுப்பினாள்: 'உப்புக்காற்றுக்குத் தமிழ் எழுதினது நான்தான். உங்கட லைவுக்கு வந்து கதைக்கலாமா?'

உடனே பதில் வந்தது. 'அழுவீங்களா?'

'நான் லொட்ஜ் வரவேற்பில வேலை. அழுறது மத்தவங்க.'

"சண்டைக்கா போறீங்க மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"இல்ல வாப்பா. முறைப்பாடு கேக்க."

*

ஞாயிற்றுக்கிழமை மதியம், ழுஹர் தொழுதுவிட்டு, லொட்ஜின் கடற்பக்க அறை ஒன்றில் அவள் கணினியை வைத்துக்கொண்டு இருந்தாள். சிக்னல் அங்கேதான் நன்றாகப் பிடிக்கும். காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்தியிருந்தாள். திரையில் ஒரு பக்கம் ரொட்னி, பெரிய ஹெட்போனும் சின்னத் தாடியுமாக. மறுபக்கம் கொமென்ட்டுகள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. ருய் தன் ஊரில் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். இன்றைக்குச் சாய்கிற பக்கத்தில்தான் தமிழ் இருக்குமா போகுமா என்பதும் இருந்தது.

"வெல்கம் மேடம்," என்றான் ரொட்னி. "மக்கள் ரொம்பக் கோவமா இருக்காங்க."

"மேடம் வேணாம் தம்பி. முதல்ல நீங்க எல்லாத்தையும் சொல்லுங்க. நான் நடுவில கதைக்க மாட்டன்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னான், சொல்லத் தொடங்கியதும் சூடேறிச் சொன்னான். கடல் வெறுமையாகக் கிடக்கிறது. படகு நத்தை மாதிரிப் போகிறது. வழி தெரியவில்லை. காற்றுக்குக் கச்சான் என்று பெயர். மோரா ஏமாற்றிவிட்டான். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். அவன் மூச்சு விட நிறுத்தியபோது, "இன்னும் இரிக்கா?" என்று கேட்டாள். கொமென்ட்டில் யாரோ அவளை அக்காவாக்கி 'ராத்தா செம கூல்' என்று எழுதினார்கள்.

"சரி. மொதல்ல கச்சான் கத," என்றாள். "கேட்டீங்களே, வறுத்ததா அவிச்சதா எண்டு. கொஞ்சம் பொறுங்க."

எழும்பிப் போய் ஜன்னல் கொளுக்கியைக் கழற்றினாள். கதவு இரண்டும் சுவரில் மோதித் திறந்தன. காற்று உள்ளே பாய்ந்து திரைச்சீலையை முகட்டுக்குத் தூக்கியது, மேசையில் இருந்த துவாய் பறந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வத்தளையில் ரொட்னி ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கினான்.

"இதுதான் தம்பி கச்சான்!" அவள் காற்றுக்கு மேலால் கத்தினாள். "வறுக்கவும் இல்ல, அவிக்கவும் இல்ல! பச்சை!"

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது கொமென்ட்டுகள் சிரிப்பில் நிரம்பி ஓடின.

"இப்ப படகு. நீங்க வீடியோவில இந்தக் காத்துக்கு நேர் எதிராப் போனீங்க. நான் பாத்தன். எந்தப் படகு தம்பி போகும்? சரிச்சுச் சரிச்சுப் போகணும். அத மோரா துடுப்புப் பழக்கக்குள்ளேயே சொல்லுறான். நீங்க அந்தக் கதைய வாசிக்காமத் தள்ளிட்டீங்க."

"அது... நீளமா இருந்திச்சு."

"நீளந்தான். கடலும் நீளந்தான். அடுத்த தீவு உடனே வந்திட்டா அத என்னத்துக்குக் கடல் எண்டு சொல்லணும், குளம் எண்டு சொல்லலாமே? போற வழியில பாத்தீங்களா, தண்ணி நெறம் மாறுற இடத்தில நிண்டா அடியில ஒரு ஊரே மூழ்கிக் கிடக்கும். யாராவது கண்டீங்களா?"

கொமென்ட்டில் ஒருவர் எழுதினார்: 'நான் கண்டன். அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினன்.' இன்னொருவர்: 'எங்க? எந்தப் பக்கம்?'

"சொல்ல மாட்டன்," என்றாள் நிஸ்மியா. "வழி தெரியாட்டி அங்க இரிக்கிற சனத்திட்டக் கேளுங்க. அதுக்குத்தான் அம்புக்குறி இல்ல. நம்மட ஊருல அட்ரஸ் தேடிப் போனா என்ன செய்வீங்க? கடையில கேப்பீங்க. கடைக்காரர் வழியும் சொல்லுவாரு, அந்த வீட்டுக் கதையும் சொல்லுவாரு. இந்தக் கேமும் அப்புடித்தான். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான்."

ரொட்னி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "சரி அக்கா, எல்லாம் விட்டுருவோம். மோராக்கு வாங்க. வாறன்னு சொன்னான். வரல."

"அவன் வாறன் எண்டு சொன்னது வாறதுக்கு இல்ல தம்பி. போறதுக்கு."

"அப்ப போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க வீட்டால வெளிக்கிடக்குள்ள அம்மாக்கிட்ட அப்புடிச் சொல்லுவீங்களா?"

"அது வீடு. இது கேம். கேம்ல ஒருத்தன் வாறன்னா வரணும்."

"ஏன்?"

"ஏன்னா... கேம்ல எல்லாம் அப்படித்தான்."

"இங்கிலீஷ் கேம்ல," என்றாள் அவள். "இவ்வளவு காலமும் நீங்களும் நானும் விளையாடினது இங்கிலீஷ் கேம். இப்ப தமிழக் கண்டாலும் மண்டைக்குள்ள இங்கிலீஷாக்கித்தான் வாசிக்கிறம். அதான் வாறன் எண்டோன்ன 'ஓ, திரும்பி வருவான்' எண்டு நிண்டுட்டீங்க. ஒங்கட பக்கத்து வீட்டு மனுசன் வாறன் எண்டு சொல்லிட்டுப் போனா கேட்டடியில நிப்பீங்களா, கொத்தும் திண்டுகிட்டு?"

கொமென்ட்டுகள் வெடித்தன. ரொட்னியும் சிரித்துவிட்டான். ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. சிரிப்பு முடியுமுன்னே விரலை உயர்த்தினான்.

"ஒரு நிமிசம் அக்கா. அதே தீவுல உப்புக்கடை இருக்கு. கடைக்காரி சாக்கு எடுக்க உள்ள போறா. போகும்போது என்ன சொல்றா? 'வாறன்.' ஒடனே வந்துடுறா! நான் நின்னேன், வந்தா, உப்பு தந்தா. அங்க வாறன்னா வருவாங்கன்னு எனக்குப் பழக்கினதே உங்க கேம்தான். பிறகு மோராகிட்டயும் நின்னேன். என் பிழையா?"

நிஸ்மியா தன் கணினியில் கடைக்காரியின் வரியைத் தேடி எடுத்தாள்.

அவன் சொன்னது உண்மை. உப்புக்கடைக்காரியின் வரி ஆங்கிலத்தில் வேறு. இதோ உடனே திரும்பி வந்துவிடுகிறேன் என்ற பொருள். கை பழகிய வேகத்தில் அங்கேயும் அவள் வாறன் என்றே எழுதிவிட்டிருந்தாள். பேச்சில் கேட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அடுப்படிக்குப் போகிறவளின் வாறனுக்கும் கடலுக்குப் போகிறவனின் வாறனுக்கும் இழுவை வேறு. ஆனால் விளையாட்டில் குரல் இல்லை, எழுத்து மட்டுந்தான். எழுத்தில் இரண்டும் ஒரே சொல்.

கொமென்ட்டுகள் மறுபக்கம் சாயத் தொடங்கியதை அவள் கண்டாள். 'பிடிச்சிட்டான்டா ரொட்னி.' 'ராத்தா சைலன்ட்.'

கட்டில் ஆடுகிறது. ஆடுகிற கட்டிலை ஆடவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அது என்ட பிழை," என்றாள். "முழுப் பிழையும் எனக்குத்தான். கேம் செஞ்சவங்களுக்கு இல்ல. உப்புக்கடைக்காரி 'இந்தா வந்திர்றன்' எண்டுதான் சொல்லியிருக்கணும். நாளைக்கே மாத்துறன். நல்லாக் கண்டுபிடிச்சீங்க தம்பி, உண்மையாத்தான் சொல்றன்."

ரொட்னி வெற்றிச் சிரிப்போடு கைகளைத் தூக்கினான். "அப்ப மோராவும் மாறுவானா?"

"மாற மாட்டான்."

"அக்கா!"

"கடலுக்கு இறங்குற மனுசன் வாயில 'போறன்' எண்டு நான் எழுத மாட்டன் தம்பி. எங்கட உம்மா அகப்பையோட வருவா. 'விடைபெறுகிறேன்' எண்டு வேணும் எண்டா சென்னையில ஆள் இரிக்கி, எழுதிக் குடுப்பாங்க. அப்ப மோரா பேசுறது நல்ல தமிழா இரிக்கும், ஆனா அவன்ட வாயில ஒட்டாது. இன்னொண்டும் சொல்றன். மோராட வீடு அந்த இறங்குதுறைக்கு மேலதான். கதவத் தட்டினா அவன்ட பொஞ்சாதி தொறப்பா. 'அவர் போயிட்டாரா? எந்தப் பக்கம் பாய் விரிச்சாரு?' எண்டு கேப்பா. அங்க இருந்துதான் இந்தக் கேமே தொடங்கிது. நீங்க எல்லாரும் துறையில நிண்டு அவன ஏசினீங்க. அவள ஒராளும் போய்ப் பாக்கல்ல."

ரொட்னி பக்கத்தில் இருந்த இன்னொரு திரையைப் பார்த்தான். லைவிலேயே விளையாட்டைத் திறந்தான். தன் ஆளைத் துறையிலிருந்து திருப்பி மேட்டில் ஏற்றினான். கல்வீடு ஒன்று, நீலக் கதவு. தட்டினான். ஒரு பெண் திறந்தாள். கையில் ஈரத் துணி. அவளுடைய வரிகளை ரொட்னி சத்தமாக வாசித்தான், பகிடியாகத் தொடங்கிய குரல் மூன்றாவது வரியில் சாதாரணக் குரலாகிவிட்டது. நான்காவது வரியில் அவள் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய படகைக் காட்டினாள்.

"இது... இவ்வளவு பெரிய படகா?" என்றான் ரொட்னி. "இது ஆரம்பத்துலயே கிடைக்குமா?"

"கதவத் தட்டினா கிடைக்கும்."

கொமென்ட்டுகளில் சிலர் அப்போதே விளையாட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். 'கதவு தெறந்திச்சு!' என்று ஒருவர். 'எனக்கு இன்னும் சலிப்பாத்தான் இருக்கு' என்று இன்னொருவர். நிஸ்மியா அதையும் வாசித்து, "சலிச்சா விட்டுட்டு வேற விளையாடுங்க. கத்தரிக்காயும் எல்லாருக்கும் பிடிக்கிறதில்ல," என்றாள்.

நேரம் முடிந்தது. ரொட்னி ஹெட்போனைச் சரிசெய்து கமெராவைப் பார்த்தான். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் சொல்வதை, வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியதை, அன்றைக்கும் சொன்னான்.

"ஓகே மக்களே, நல்ல ஒரு கதை. லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க. அப்ப நான் வாறேன்!"

ஆட்டிய கை அந்தரத்தில் நின்றது.

முதல் கொமென்ட் ஒரே சொல்: 'எங்க?'

பிறகு அதுவே நூற்றுக்கணக்கில். 'எங்க வாறீங்க ரொட்னி?' 'கேட் தொறந்து வெச்சிட்டேன்.' 'நாங்க இங்கேயே நிக்கிறம்.' 'கொத்து வாங்கவா?' ரொட்னி தலையில் கை வைத்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்தான். அவன் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. நிஸ்மியா சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

*

ருய் அன்றைக்கே கூப்பிட்டான். கணினி செய்த மொழிபெயர்ப்போடு பார்த்தானாம். கடைசியில் அந்த இளைஞன் 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு நிகழ்ச்சியை மூடினானே, ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று கேட்டான். அவள் விளக்கினாள். உடனே ருய், தன் ஊரிலும் பிரியும்போது 'சற்று நேரம் வரைக்கும்' என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு வருடக்கணக்கில் காணாமல் போவார்கள் என்றான். மோராவுக்கு முதல் முதல் அவன் எழுதியதே அந்த வார்த்தையைத்தான். ஆங்கிலத்துக்குப் போனபோது அது இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டதாம்.

"அப்படியென்றால் என்னுடையதுதான் உன்னுடையதுக்குக் கிட்ட," என்றாள் நிஸ்மியா.

"கதிரை போல," என்றான் ருய்.

கூட்டாளிகள் தமிழை எடுக்கவில்லை. உப்புக்கடைக்காரி இப்போது 'இந்தா வந்திர்றன்' என்கிறாள். மோரா பழையபடி வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். தமிழ்ப் பக்கத்தில் கோபக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அம்புக்குறி கேட்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் இறங்குதுறையில் இப்போது யாரும் நிற்பதில்லை. இரண்டாம் பாகம் வருகிறதாம், அதற்கும் நிஸ்மியாதான். உம்மாவுக்கு இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் கற்பிட்டிக்குக் கல்யாண வீட்டுக்குப் போனால் "எங்கட புள்ள எழுதினது" என்று போனில் காட்டுகிறா.

காற்றுக்காலம் முடியுமுன் ஒருநாள் ரொட்னியிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, அடுத்த கிழமை கண்டக்குழிக்கு வாறேன்.'

நிஸ்மியா வரவேற்பு மேசையில் இருந்தபடி பதில் போட்டாள். 'எந்த வாறேன்?'

திரை மினுங்கியது.

'உப்புக்கடை வாறேன்.'

அவள் எழும்பி, "ஷானிகா!" என்று கூப்பிட்டபடி படியேறினாள். "கடல்பக்கத்து ரூம் அலுமாரியத் துடைச்சுப் போடு. ஒரு தம்பி வாறாரு, கச்சான் திங்க!"

அறைக்குள் போய் அவளே ஜன்னலைத் திறந்துவிட்டாள்.